செம்புக் கம்பியின் அந்திக் காலம்

ஓர் ஊரின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும் என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்குக் குறைவில்லை. ஆனால் வியாபாரத்தின் சரித்திரம் வேண்டுமானால் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படிப்பதே மேல். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளிலும் ராஜபாளையத்துப் பஞ்சு மார்க்கெட்டிலும் தலைமுறை கண்ட கடைகள் இருக்கின்றன. அவற்றின் பழைய பில் புத்தகங்களையும் பலகைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், டெலிபோன் எண் குழந்தையைப் போல வளர்ந்து வந்திருப்பது தெரியும். முதலில் 'போன்' என்று போட்டு இரண்டோ மூன்றோ இலக்கங்கள். பிறகு ஐந்து. 2002-ஐ ஒட்டி, தேசமெங்கும் எல்லா எண்களுக்கும் முன்னால் ஒரு 2 சேர்க்கப்பட்டபோது ஆறு. அதற்கும் முன்னால் 04563 என்ற எஸ்.டி.டி. கோடு. எல்லாவற்றுக்கும் கீழே, வேறு வர்ணத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய பத்து இலக்க செல்போன் எண்.

இந்த 04563 சற்று வேடிக்கையான எண். ராஜபாளையத்துக்கும் அதுதான், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதுதான். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். ஒன்று ஆண்டாள் அவதரித்த ஊர். பெரிய கோபுரம், ஜில்லா கோர்ட்டு, பால்கோவா. மற்றது பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ஊரின் பெயரையே வைத்து நூற்பாலை தொடங்கிய ஊர். பஞ்சு, நூல், பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி. ஒன்றில் காலையில் சந்நிதி மணி கேட்கும். மற்றதில் ஆலைச் சங்கு கேட்கும். குணத்தில் இரண்டும் வெவ்வேறு. ஒரே கோடு எண்ணைக் கொடுத்து டெலிபோன் இலாகா இரண்டையும் சம்பந்திகளாக்கி வைத்தது.

அந்தச் சம்பந்தத்தைத் தாங்கி வந்த செம்புக் கம்பிக்கு இப்போது அந்திக் காலம். நம் ஊரில் மட்டுமல்ல, உலகெங்கும்தான். பிரிட்டனில் பழைய டெலிபோன் வலை முழுவதையும் 2025 டிசம்பரில் அணைத்துவிடுவது என்று முதலில் தீர்மானித்தார்கள். பிறகு அதைத் தள்ளிவைத்து 2027 ஜனவரி 31 என்று நாள் குறித்தார்கள். நம் தேசத்தில் அப்படி நாள் குறித்துப் பறை சாற்றுகிற வழக்கம் இல்லை. இங்கே கம்பி தெருத் தெருவாகச் சாகிறது. சாக்கடை வெட்டும்போது ஒரு கேபிள் அறும். அதை ஒட்ட ஆள் வரமாட்டார். சில மாதம் கழித்து, 'கண்ணாடி இழைக்கு மாறிக்கொள்ளுங்கள்' என்று சொல்வார்கள். அவ்வளவுதான் அறிவிப்பு.

'போனால் போகட்டும், செல்போன் இருக்கிறதே' என்று சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் சும்மா கிடந்த டெலிபோனைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஆனால் அந்தக் கம்பியில் ஒரு வியாபாரம் எத்தனை விஷயங்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது என்பது, கம்பி அறுந்த பிறகுதான் தெரியவரும். இதற்கு முன்பும் நம் நாட்டில் இப்படிச் சில கம்பிகள் அறுந்திருக்கின்றன. அப்போதெல்லாம் வியாபாரிகள் என்ன செய்தார்கள், எதை இழந்தார்கள் என்று பார்த்தால் இப்போது செய்ய வேண்டியது ஓரளவு விளங்கும்.

முதலில் தந்தி.

கல்கத்தாவில் டாக்டராக இருந்த ஓஷானஸி என்ற ஐரிஷ்காரர்தான் இந்தியாவில் தந்திக்கு மூலபுருஷர். 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குச் செய்தி போயிற்று. 1855-க்குள் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அடிக்கலாம் என்று வந்துவிட்டது. சர்க்காருக்கு அது ராஜ்யத்தைக் கட்டிக் காக்கும் கயிறு. வியாபாரிக்கு அது விலை தெரிந்துகொள்ளும் காது. பஞ்சு விலை பம்பாயில் நிர்ணயமான காலத்தில், அங்கே ஏறியதை இங்கே அன்றைக்கே தெரிந்துகொண்டவன் பிழைத்தான்; மறுநாள் தெரிந்துகொண்டவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே, சொல்லைக் குறைப்பது ஒரு பெரிய வித்தையாக வளர்ந்தது. ஒரு முழு வாக்கியத்துக்குப் பதிலாக ஒரே சொல்லை வைத்து, அதற்கென்று கோடுப் புத்தகங்கள் அச்சிட்டு விற்றார்கள். 'சரக்கு அனுப்பவும், விலை சம்மதம், பணம் பாங்கு மூலம்' என்பதை அர்த்தமே இல்லாத ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். தந்தி ஆபீஸில் இருப்பவருக்கும் அது புரியாது, போட்டிக்காரருக்கும் புரியாது. விலாசமும் அப்படித்தான். கம்பெனியின் நீண்ட பெயரையும் தெருவையும் எழுதினால் சொல்லுக்குச் சொல் காசு. எனவே ஒரே சொல்லைத் தந்தி விலாசமாகப் பதிவு செய்து, வருஷா வருஷம் அதற்குப் பணம் கட்டினார்கள். சிவகாசியில் அச்சடித்துத் தமிழ்நாடு முழுவதும் போன லெட்டர் பேடுகளின் வலது மூலையில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று 'கிராம்ஸ்', இன்னொன்று 'போன்'. அந்தக் கிராம்ஸுக்கு நேரே உள்ள சொல்லைத் தேர்ந்தெடுக்க முதலாளிகள் பட்ட பாடு, பிள்ளைக்குப் பெயர் வைக்கப் பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல. குலதெய்வத்தின் பெயரோ, அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் சொல்லோ, பெண்ணின் பெயரோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கோர்ட்டு ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற இடத்தில் தந்திக்கு இன்னொரு உபயோகம் இருந்தது. போலீஸார் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய் மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தாமல் வைத்திருந்தால், வீட்டார் முதலில் ஓடுவது தந்தி ஆபீஸுக்குத்தான். கலெக்டருக்கும் போலீஸ் சூபரின்டென்டெண்டுக்கும் தந்தி பறக்கும். அதற்குக் கிடைக்கும் ரசீதில் சர்க்கார் முத்திரையோடு தேதியும் நேரமும் இருக்கும். 'இன்ன நேரத்துக்கு முன்பே பிடித்துவிட்டார்கள்' என்று பின்னால் வாதாட வக்கீலுக்கு அந்தச் சிறு காகிதம் போதும். நான்கு சொல் செய்தியைவிட அந்த நேரக் குறிப்பு விலை மதிப்புள்ளது.

தந்திச் சேவை 2013 ஜூலை 14-ஆம் தேதி இரவோடு முடிந்தது. கடைசி நாளில் ஜனங்கள் வரிசையில் நின்று, ஞாபகத்துக்காகத் தங்களுக்குத் தாங்களே தந்தி அடித்துக்கொண்டார்கள். பத்திரிகைகளில் படமெல்லாம் வந்தது. ஆனால் அந்த வரிசையில் பஞ்சு வியாபாரி இல்லை. அவர் வெகு காலத்துக்கு முன்பே டெலிபோனுக்கும் பாக்ஸுக்கும் போய்விட்டார். சங்கடப்பட்டவர்கள், ரசீதை நம்பி இருந்தவர்கள். அவர்களில் பலர் பாக்ஸ் பக்கம் ஒதுங்கினார்கள். அனுப்பிய நேரத்தை அந்த யந்திரமும் ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கும் அல்லவா? இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தந்தியிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட பாக்ஸ், போய் ஏறி உட்கார்ந்தது டெலிபோனின் செம்புக் கம்பியில்தான்.

தந்தி போய்விட்டாலும் குளிரில் நம் பல் இன்னமும் தந்திதான் அடிக்கிறது. 1942-ல் மதுரையில் பிறந்த பத்திரிகை ஒன்று தினந்தோறும் அதே பெயரில் வந்துகொண்டிருக்கிறது. டெலிபோனை ஆண்டது கூட 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டந்தான். அதற்குப் பதிலாக ஒரு சட்டம் இயற்றப்பட்டது 2023-ல்.

அடுத்தது, கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்.

சென்னையில் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1882 ஜனவரியில் திறந்தது. கல்கத்தா, பம்பாய் எக்ஸ்சேஞ்சுகளும் அதே சமயத்தவை. தனியார் கம்பெனிகளின் கையில் இருந்த அந்த மூன்று நகரங்களின் டெலிபோனைச் சர்க்கார் 1943-ல் எடுத்துக்கொண்டது. ஜில்லா ஊர்களுக்கு டெலிபோன் மெள்ள மெள்ளத்தான் வந்தது. ரிசீவரை எடுத்தால் ஆபரேட்டரின் குரல் கேட்கும். எண்ணைச் சொன்னால் போர்டில் ஒரு கம்பியைச் செருகி இணைப்பார். எண்ணைச் சொல்லாமல் 'டாக்டர் வீடு' என்றாலும் இணைப்பார். 'டாக்டர் இப்போது வீட்டில் இல்லையே, மில்லுக்குப் போயிருக்கிறார், அங்கே தரட்டுமா?' என்று கேட்கும் ஆபரேட்டர்களும் உண்டு. இந்தச் சேவைக்குக் கட்டணப் பட்டியலில் இடமே இல்லை.

இதில் ஆபத்தும் இருந்தது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். பிணம் அடக்கம் செய்யும் வியாபாரம் நடத்தியவர். தமக்கு வரவேண்டிய வியாபாரம் குறைவதைக் கண்டு, எதிர்க்கடைக்காரருக்கு வேண்டிய ஆபரேட்டர் அம்மாள் கூப்பிடுகிறவர்களையெல்லாம் அந்தப் பக்கம் இணைத்துவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டாராம். மனிதக் கை படாமல் தானே இணைக்கும் யந்திரத்தை அவர் கண்டுபிடித்து, 1891-ல் உரிமை பெற்றார். அம்மாள் விஷயம் எவ்வளவு தூரம் நிஜமோ, யந்திரம் நிஜம். உலகத்தில் பாதி அவருடைய பெயர் கொண்ட எக்ஸ்சேஞ்சில்தான் பேசியது. பெங்களூரில் 1948-ல் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும் அந்த ஜாதி யந்திரங்களைச் செய்தது. எண்களைச் சுழற்றும் டயல் வந்ததற்கு ஒரு வியாபாரியின் வயிற்றெரிச்சல் காரணம் என்பதை நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வெளியூருக்கு டிரங்க் கால். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடையிலுள்ள எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கை கொடுத்து, லைன் கிடைத்தால் மணி அடிக்கும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று தரம். அர்ஜெண்டுக்கு இரட்டைக் கட்டணம். லைட்னிங் அதற்கும் மேலே, மில் முதலாளிகளுக்கும் மந்திரிகளுக்கும். குறிப்பிட்ட ஆளிடம்தான் பேசவேண்டும் என்றால் பி.பி. கால். மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்து நீட்டட்டுமா என்று கேட்பார். கதை எழுதுகிறவர்களுக்கு டிரங்க் கால் போனதில் ஒரு நஷ்டம் உண்டு. கதாநாயகனை ஓர் இரவு முழுவதும் நாற்காலியில் உட்காரவைத்துத் தவிக்கவிட இப்போது வேறு உபாயம் தேடவேண்டியிருக்கிறது.

1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது. தானே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசலாம் என்ற அந்த அதிசயம் ஊர் ஊராகப் பரவியது. 1984-ல் ஏற்பட்ட ஸி-டாட் என்ற ஸ்தாபனம், குளிர்சாதன அறை கூட வேண்டாத 128 இணைப்புச் சிறு எக்ஸ்சேஞ்சைச் செய்து, 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் வைத்தது. அதற்குப் பின்னால்தான் சின்ன ஊர்களின் டெலிபோனுக்கு நல்ல காலம் பிறந்தது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. இரவு முற்ற முற்றக் கட்டணம் குறையும் என்பதால் பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் அங்கே கூட்டம். ஊனமுற்றோர் பலருக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டு கௌரவமான ஜீவனமாக இருந்தது. இருபது வருஷங்களில் அதுவும் முடிந்தது. பிழைத்துக்கொண்ட பூத்துக்காரர்கள், வருமானம் வந்துகொண்டிருந்த நாளிலேயே ஜெராக்ஸ் யந்திரம் ஒன்றை மூலையில் கொண்டுவந்து வைத்தவர்கள். செல்போன் வந்த பிறகும் மீட்டரைத் துடைத்துத் துடைத்து வைத்தவர்கள் பலகையைக் கழற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக ஒன்று நடந்தது. அது செம்புக் கம்பியைப் பற்றியதல்ல; ஆனாலும் தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கு அதைப் போல ஒரு பாடம் வேறில்லை. ஏர்செல் கம்பெனி. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி, இங்கே மூலைமுடுக்கெல்லாம் சந்தாதாரர்களைப் பிடித்த செல்போன் கம்பெனி. 2018 பிப்ரவரியில் ஒரு நாள் அதன் கோபுரங்கள் மளமளவென்று மௌனமாயின. கம்பெனி திவால் மனு கொடுத்தது. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. 2011 முதலே தேசமெங்கும் உள்ள வசதி அது. ஆனால் மாற்றுவதற்கு ஒரு ரகசியக் குறியீடு வேண்டும்; அதைக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்; அனுப்புவதற்குச் சிக்னல் வேண்டும்! வீடு தீப்பிடித்த பிறகு, சாவி வீட்டுக்குள் இருப்பது ஞாபகம் வந்தாற்போல் ஆயிற்று. கடைகளின் முன்னால் ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஏப்ரல் 15 வரையில் அவகாசம் நீட்டினார்கள்.

அந்த வரிசையில் நின்ற காய்கறி மண்டிக்காரருக்கும் லாரி புரோக்கருக்கும் சிம் கார்டு ஒரு பொருட்டா? அரை மணி நேரத்தில் வேறு வாங்கிவிடலாம். பத்து வருஷமாக வாடிக்கைக்காரர்களின் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்திருந்த எண்ணுக்காகத்தான் அவர்கள் நின்றார்கள். அந்த எண் வெளியில் எத்தனை கைகளில் இருக்கிறது என்பது உடையவருக்கே தெரியாது. வாடிக்கைக்காரர் கூப்பிட்டுப் பார்த்து, 'உபயோகத்தில் இல்லை' என்று கேட்டால் கடை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த கடையைக் கூப்பிடுவார்.

இப்போது 04563-க்கு வருவோம்.

சாதாரண டெலிபோனில் இங்கே வேறொரு முடிச்சு இருக்கிறது. செல்போன் எண்ணை எந்தக் கம்பெனிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். கம்பி டெலிபோன் எண்ணை அப்படித் தூக்கிக்கொண்டு போக நம் நாட்டில் வழி கிடையாது. பி.எஸ்.என்.எல். கொடுத்த 04563 எண், பி.எஸ்.என்.எல்லிடம் இருக்கிற வரையில்தான் உங்களுடையது. செம்பிலிருந்து கண்ணாடி இழைக்கு அதே ஸ்தாபனத்துக்குள் மாறினால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாறும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். 'டெலிபோன் ரிப்பேராகவே கிடக்கிறது, எதற்கு மாத வாடகை' என்று கோபத்தில் சரண்டர் செய்துவிட்டு, வேறு கம்பெனியின் இழையை வாங்குகிறவர், தாத்தா காலத்து எண்ணையும் சேர்த்தே சரண்டர் செய்கிறார். அநேகமாக அந்தக் கையெழுத்தைப் போடுவது கடைப் பையன்!

பால்கோவாக் கடையை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆடிப்பூரத்துக்கு வந்து ஒரு முறை டப்பா வாங்கிப்போன வெளியூர்க்காரர், அடுத்த கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுக்க நினைத்தால் அவர் கையில் இருப்பது அந்த டப்பாவின் மூடி. மூடியில் இருப்பது 04563-ல் தொடங்கும் எண். புவிசார் குறியீடு ஊருக்குச் சொந்தம். அந்த எண் மட்டுந்தான் இந்தக் கடைக்குச் சொந்தம். சந்நிதிக்குப் போகும் வழியெல்லாம் பால்கோவாக் கடையாக இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமா?

மில்லின் கதை வேறு. அங்கே ஒரு கம்பி போய்விட்டால் எண் மட்டும் போவதில்லை. வாசல் காவல், கேன்டீன், குடோன், மானேஜர் அறை எல்லாவற்றையும் இணைக்கும் உள் எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குத் தலைப்பக்கம் செம்பு லைன் வருகிறது. சில இடங்களில் லிப்டுக்குள் மாட்டிய அவசர டெலிபோன், திருடனையும் தீயையும் கண்டால் தானே எண்ணைச் சுழற்றும் அபாய மணி, கணக்கு ஆபீஸின் பாக்ஸ், பழைய தினுசுக் கார்டு யந்திரம் எல்லாம் அதே கம்பியில் தொங்கும். இவற்றை மாட்டியவர் ரிட்டயராகி வெகு நாளாகியிருக்கும். எந்தச் சுவரில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற கணக்கு அவரோடு போயிருக்கும்.

டெலிபோன் இலாகாவிலும் இதே கதைதான். 2020 ஜனவரி 31-ஆம் தேதி, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பி.எஸ்.என்.எல்லிலிருந்து 78,000-க்கும் மேற்பட்ட சிப்பந்திகள் ஒரே நாளில் வெளியேறினார்கள். மண்ணுக்கடியில் எந்த இடத்தில் கேபிள் ஜாயின்ட் இருக்கிறது என்று வேப்ப மரத்தை அடையாளமாக வைத்துச் சொல்லக்கூடிய லைன்மேன்கள் அவர்களில் எத்தனை பேரோ! 2006-ஐ ஒட்டி நாட்டில் சுமார் 5 கோடியாக இருந்த கம்பி டெலிபோன்கள் 2020-ல் சுமார் 2 கோடிக்கு வந்துவிட்டன. பிறகு எண்ணிக்கை ஏறியது உண்மை. ஆனால் ஏறியது கண்ணாடி இழை இணைப்புகள், செம்பு அல்ல.

இழையில் என்ன குறை? பேச்சுத் தெளிவாக இருக்கிறது, இண்டர்நெட் வேகமாக இருக்கிறது, மழைக்கு இரையாது. எல்லாம் சரி. ஒரே ஒரு குறை, அதைத்தான் யாரும் விற்கும்போது சொல்வதில்லை. செம்புக் கம்பி பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை, மின்சாரத்தையும் கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாகப் பாட்டரிகள் இருக்கும். அவை 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியாகவே வீட்டு டெலிபோனுக்கு ஊட்டும். அதனால்தான் ஊரே இருட்டில் மூழ்கினாலும் டெலிபோன் மட்டும் உயிரோடு இருந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே உள்ள ஜில்லாக்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தறிகள் நின்றன; மாவு மில் நின்றது; ரிசீவரை எடுத்தால் மட்டும் 'கொர்ர்' என்ற சத்தம் கேட்டது. கண்ணாடி வெளிச்சத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. இழை வந்து சேரும் பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரந்தான் சாப்பாடு. கரண்டு போனால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் டெலிபோன் வெறும் பிளாஸ்டிக்.

பஞ்சு குடோனில் வேலை செய்தவர்களுக்கு நெருப்பு என்றால் என்னவென்று தெரியும். ஒரு பொறி போதும். பேல் உள்ளே கனன்றுகொண்டே இருந்து மறுநாள் பற்றும். ராத்திரிக் காவல்காரர் புகையைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் காரியம் மெயின் சுவிட்சை அணைப்பது. அடுத்தது 101-ஐக் கூப்பிடுவது. பழைய கம்பி இருந்தவரையில் முதல் காரியம் இரண்டாவதைக் கெடுக்கவில்லை. இழைப் பெட்டி அதே மெயினில் மாட்டியிருந்தால் கெடுத்துவிடும். காவல்காரர் மடியில் செல்போன் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தகரக் கூரையும் கனத்த சுவரும் உள்ள குடோனில் சிக்னல் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது கோபுரங்களின் பாட்டரியும் டீசலும் தீர்ந்து செல்போன்கள் பல இடங்களில் ஊமையானதையும் பார்த்தோம்.

பிரிட்டனில் நாளைத் தள்ளிவைத்ததற்குக் காரணமும் ஏறக்குறைய இதுதான். அங்கே தனியாக வாழும் வயோதிகர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே விழுந்தால் அதை அமுக்க வேண்டும். டெலிபோன் கம்பி வழியாக உதவி நிலையத்துக்குச் செய்தி போகும். புது முறைக்கு மாற்றிய சில வீடுகளில், அமுக்கியும் செய்தி போகவில்லை. 2023 கடைசியில் இது பெரிய விவகாரமாகி, அப்படிப்பட்ட வீடுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிற வரையில் அவசரப்படக் கூடாது என்று நிறுத்தினார்கள். எந்தெந்தக் கம்பியின் நுனியில் பொத்தான் இருக்கிறது என்ற பட்டியல் டெலிபோன் கம்பெனியிடமே சரியாக இல்லை! வயோதிகர்களின் விவரங்களை நகரசபைகளிடமும் உதவி நிலையங்களிடமும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பெரிய தேசம், நிறையப் பணம், பல வருஷ முன்னறிவிப்பு. அப்படியும் இந்தக் கதி.

நம் ஊரில் அந்தப் பட்டியலை வேறு யாரும் தயாரித்துத் தரப்போவதில்லை. அவரவர் கட்டடத்தை அவரவர்தான் ஒரு முறை சுற்றிவர வேண்டும். டெலிபோன் கம்பி எந்த எந்தப் பெட்டிக்குள் நுழைகிறது, அந்தப் பெட்டி எதற்காக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினால் பெரும்பாலான கடைகளுக்கு நான்கைந்து வரிக்கு மேல் வராது. மில்லுக்கு இரண்டு பக்கம் வரலாம். லிப்டுக்காரரையும் அபாய மணிக்காரரையும் கூப்பிட்டு, 'இது இழையில் வேலை செய்யுமா?' என்று எழுத்தில் கேட்க வேண்டும். வக்கீல் ஆபீஸாக இருந்தால் பாக்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும். செம்புக்காகச் செய்த பாக்ஸ் யந்திரம் இழையில் சில சமயம் பாதிப் பக்கத்தை விழுங்கிவிடுகிறது. நேரக் குறிப்புக்காகத் தந்தியை விட்டுப் பாக்ஸுக்கு வந்தவர்கள், இனி ஸ்பீடு போஸ்டையும் மின்னஞ்சலையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

எண் விஷயத்திலும் காலம் இருக்கும்போதே ஒரு காரியம் செய்யலாம். பழைய எண் உயிரோடு இருக்கும் வரையில்தான், அதைக் கூப்பிடுகிறவரிடம் புது எண்ணைச் சொல்ல முடியும். டெலிபோனை எடுத்துப் பேசும் கணக்குப் பிள்ளை ஒவ்வொருவரிடமும், 'அண்ணாச்சி, இந்த செல் நம்பரையும் எழுதி வச்சுக்கிடுங்க' என்று ஓர் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தால், தூத்துக்குடியிலும் கொல்லத்திலும் உள்ள நோட்டுப் புத்தகங்களெல்லாம் தாமே திருந்திவிடும். இதற்குச் செலவு காலணா இல்லை.

மின்சாரம் பற்றிய சந்தேகம் இருந்தால் தீர்த்துக்கொள்வது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்க வேண்டும். அறைக்குள் தூக்கிக்கொண்டு திரியும் கார்ட்லெஸ் ரிசீவர் இதற்கு உதவாது. சுருட்டைக் கம்பியோடு கூடிய சாதாரண டெலிபோனாக இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் இன்னும் பழைய கம்பிதான். கேட்காவிட்டால் இழை வந்துவிட்டது என்று அர்த்தம்; இல்லையேல் கம்பி எங்கோ அறுந்து கிடக்கிறது. இழையாக இருந்தால் அந்தப் பெட்டிக்கென்று தனியாகச் சிறு பாட்டரி ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிவிட்டு, மறுபடியும் மெயினை அணைத்து, இந்தத் தடவை காவல்காரரையே 04563-ல் உள்ள வேறொரு எண்ணுக்குப் பேசச் சொல்ல வேண்டும்.